அரை கோல் யார் அடிப்பார்? மொத்த கோல் சந்தைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கால்பந்தில் அரை கோல் கிடையாது. ஆனால் ஒரு விஷயம் நடக்குமா நடக்காதா என்று மக்கள் பங்கு வாங்கி விற்கும் முன்கணிப்புச் சந்தையில் ஏதாவது ஒரு மேட்ச் பக்கத்தைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவதே "மொத்தம் 2.5 கோலுக்கு மேல்" என்ற வரிதான். பக்கத்திலேயே "ஆம் 52", "இல்லை 50" என்று இரண்டு பொத்தான்கள். புதிதாகப் பார்க்கிறவருக்கு மூன்று எண்ணுமே குழப்பும். அது என்ன இரண்டரை? 52ஐயும் 50ஐயும் கூட்டினால் ஏன் 100 வரவில்லை? இந்த மூன்று எண்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, விதிமுறையை ஆட்டத்துக்கு முன்பே படிப்பது. அதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். கதை பின்னால் வருகிறது.

அதற்கு முன் ஒரு விஷயம். நிஜப் பணம் புழங்கும் முன்கணிப்புச் சந்தை சில நாடுகளில் அனுமதிக்கப்பட்டது, சில நாடுகளில் சூதாட்டச் சட்டத்தின் கீழ் தடை. வயது வரம்பும் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன நிலைமை என்று முதலில் பாருங்கள். தடை உள்ள இடத்திலிருந்து விபிஎன் போட்டு உள்ளே போவது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, ஜெயித்த பணத்தை எடுக்கப் போகும் நாளில் கணக்கு முடங்கிவிடவும் வாய்ப்பு அதிகம். பணமே வேண்டாம் என்றால் மானிஃபோல்ட் மாதிரி பொய்க்காசில் நடக்கும் தளங்கள் இருக்கின்றன. அதுவும் வேண்டாமா, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் ஒரு பைசா வைக்காமல் செய்து பார்க்கலாம். முதல் இரண்டு மாதம் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

முதல் படி: வரியைப் படியுங்கள்

"2.5க்கு மேல்" என்றால் இரண்டு அணியும் சேர்ந்து மூன்றோ அதற்கு மேலோ அடிக்க வேண்டும். 3–0, 2–1, 4–4 எல்லாம் "ஆம்". 0–0, 1–1, 2–0 எல்லாம் "இல்லை". யார் ஜெயித்தார் என்பது இங்கே பேச்சே இல்லை. சேம் சைடு கோலும் கணக்கில் சேரும். வீடியோ நடுவர் ரத்து செய்த கோல் சேராது.

அரை எதற்கு என்றால், இழுபறி வராமல் இருக்க. வெறும் 3 என்று கோடு போட்டால், சரியாக மூன்று கோல் விழும் நாளில் யாருக்குப் பணம் என்று தகராறு வரும். 2.5 என்று போட்டால் எந்த ஸ்கோரும் கோட்டின் மேல் வந்து உட்கார முடியாது. இதே போல 0.5, 1.5, 3.5, 4.5 என்று படிக்கட்டு மாதிரி வரிகள் இருக்கும். பெரும்பாலான ஆட்டங்களில் 2.5தான் நடுப்படி, கூட்டமும் அங்கேதான்.

இரண்டாம் படி: விலையைப் படியுங்கள்

ஒரு பங்கு என்பது ஒரு வாக்குறுதி. சொன்னது நடந்தால் ஒரு டாலர், நடக்காவிட்டால் பூஜ்யம். இடைப்பட்டது எதுவும் இல்லை. "ஆம்" பங்கை 52 சென்டுக்கு வாங்கினால், மூன்று கோல் விழும்போது 48 சென்ட் லாபம், விழாவிட்டால் 52 சென்ட் போச்சு. 20 பங்கு வாங்கினால் கையிலிருந்து 10.40 டாலர் போகும். நடந்தால் 20 டாலர் திரும்பி வரும்.

அதனால் 52 என்ற விலையை "இந்த ஆட்டத்தில் மூன்று கோல் விழ ஏறக்குறைய 52 சதவீதம் வாய்ப்பு" என்று சந்தை சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். இதே மாதிரி 100 ஆட்டங்கள் நடந்து அதில் 52ல் மூன்று கோல் விழுந்தால், உங்களுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

சரி, 52ம் 50ம் ஏன் 102? எதிரில் இருப்பது பந்தயக் கம்பெனி இல்லை, உங்களைப் போல இன்னொருவர். "இல்லை"யை 50க்கு வாங்குவதும் "ஆம்"ஐ 50க்கு விற்பதும் ஒன்றுதான். ஆக, இந்த நிமிடத்தில் "ஆம்" வேண்டுமென்றால் 52 கொடுக்க வேண்டும், கையில் இருப்பதைத் தள்ள வேண்டுமென்றால் 50தான் கிடைக்கும். வாங்கிய அடுத்த நொடியே விற்றால் 2 சென்ட் நட்டம். இந்த இடைவெளியை ஸ்ப்ரெட் என்பார்கள். இதற்கு மேல் தளத்தின் கமிஷன் தனி. அது தளத்துக்குத் தளம் மாறும், பங்கின் விலையைப் பொறுத்தும் மாறலாம். கட்டணப் பக்கத்தில் ஒரு தடவை உதாரணக் கணக்கு போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: எந்த நேரம் வரை கணக்கு?

இங்கேதான் நான் மாட்டினேன். ஒரு கோப்பைப் போட்டியின் நாக் அவுட் ஆட்டம். 2.5க்கு மேல் "ஆம்" வாங்கியிருந்தேன். 90 நிமிடம் முடிந்தபோது 1–1. எக்ஸ்ட்ரா டைமில் ஒரு கோல் விழுந்தது. நடு ராத்திரியில் நான் போட்ட சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது. அப்புறம் கணக்கைத் திறந்தால், என் பங்கு பூஜ்யம். விதிமுறையில் "முறையான ஆட்ட நேரம் மட்டும்" என்று தெளிவாகவே எழுதியிருந்தது. படிக்காதது என் தப்பு.

பெரும்பாலான மொத்த கோல் சந்தைகளில் 90 நிமிடமும் அதோடு நடுவர் சேர்க்கும் இஞ்சுரி டைமும்தான் கணக்கு. அதன் பிறகு வரும் 30 நிமிட எக்ஸ்ட்ரா டைம் பொதுவாகச் சேராது. பெனால்டி ஷூட் அவுட்டில் அடிப்பவை சேராது. தமிழில் படிப்பவருக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை: நம் பத்திரிகைகள் இரண்டையுமே "கூடுதல் நேரம்" என்றுதான் எழுதும். "கூடுதல் நேரத்தில் கோல்" என்ற தலைப்பை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். 90+4வது நிமிடமா, 94வது நிமிடமா என்று பாருங்கள். முன்னது சேரும், பின்னது சேராது.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களே போதும். 2010ல் ஸ்பெயினுக்கு இனியெஸ்டா அடித்தது 116வது நிமிடத்தில். 2014ல் ஜெர்மனிக்கு கோட்சே அடித்தது 113வது நிமிடத்தில். இரண்டு இறுதி ஆட்டங்களும் 1–0 என்றுதான் நம் நினைவில் இருக்கின்றன. 90 நிமிடக் கணக்கில் இரண்டுமே 0–0. 2022ல் அர்ஜென்டினாவும் பிரான்சும் ஆடியது 3–3, ஆறு கோல். 90 நிமிடம் முடிந்தபோது 2–2, நான்கு கோல். "4.5க்கு மேல்" என்ற வரி அன்று ஒரு விதிப்படி "ஆம்", இன்னொரு விதிப்படி "இல்லை".

விதிமுறையில் இன்னும் இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள். ஆட்டம் பாதியில் நின்றால் என்ன, தள்ளிப்போனால் எத்தனை நாள் காத்திருப்பார்கள். அடிக்கடி நடக்காது, ஆனால் நடக்கும். 2021 ஜூனில் யூரோ கோப்பையில் டென்மார்க்–பின்லாந்து ஆட்டம் டென்மார்க் வீரர் எரிக்சன் மயங்கி விழுந்ததால் நின்று, அன்றே மறுபடி தொடங்கி முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரேசில்–அர்ஜென்டினா தகுதிச்சுற்று ஆட்டத்தைச் சில நிமிடங்களிலேயே சுகாதார அதிகாரிகள் மைதானத்துக்குள் வந்து நிறுத்தினார்கள். அந்த ஆட்டம் கடைசிவரை ஆடப்படவே இல்லை. இப்படிப்பட்ட நாளில் பணம் திரும்ப வருமா, கடைசி விலைக்குத் தீர்ப்பார்களா என்பதெல்லாம் அந்த ஒரு பத்தியில்தான் இருக்கும்.

நான்காம் படி: உங்களுக்கென்று ஒரு எண்

"இது கோல் மழை ஆட்டம்" என்று மனதில் பட்டால் உடனே "ஆம்" அமுக்கத் தோன்றும். மனதில் பட்டது சரியாகவே இருக்கலாம். ஆனால் அது உங்களுக்கு மட்டுமா பட்டிருக்கும்? எல்லோருக்கும் பட்டதால்தான் விலை ஏற்கெனவே 52லிருந்து 64க்குப் போயிருக்கும். கேட்க வேண்டியது, 64 என்பது அதிகமா குறைவா என்று. அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் ஒரு எண் இருக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? 2022 உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் 172 கோல், அதாவது ஆட்டத்துக்கு 2.69. 2018ல் 169, 2014ல் 171. லீக்குகள் அப்படி ஒரே மட்டத்தில் இருக்காது. பிரீமியர் லீக்கில் 2023–24 சீசனில் 380 ஆட்டங்களில் 1,246 கோல், சராசரி 3.28. ஆகவே எந்தப் போட்டி, எந்த சீசன் என்று பார்த்து அதன் சராசரியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆடும் இரண்டு அணிகள். முதல் அணி சராசரியாக 1.6 கோல் அடிக்கிறது, எதிரணிகளிடம் 1.1 கோல் வாங்குகிறது. இரண்டாவது 1.2 அடிக்கிறது, 1.5 வாங்குகிறது. முதல் அணி அடிக்கப்போவது அதன் 1.6க்கும் எதிரணி வாங்கும் 1.5க்கும் நடுவில், 1.55. இரண்டாவது அணிக்கு 1.2க்கும் 1.1க்கும் நடுவில், 1.15. மொத்தம் 2.7. கரடுமுரடான கணக்குதான், ஆனால் மனதில் பட்டதை விட நூறு மடங்கு மேல்.

2.7 என்ற சராசரியை வாய்ப்பாக மாற்ற பாய்சான் பங்கீடு என்று ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித மேதை பாய்சானின் பெயரால் வந்தது. 1898ல் போர்ட்கேவிச் என்பவர் பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கைக்கு இதைப் பொருத்திக் காட்டினார். எப்போதாவது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நடக்கும் சம்பவங்களுக்குப் பொருந்தும் சூத்திரம். கோலும் கிட்டத்தட்ட அப்படித்தான் விழுகிறது. கைக்கணக்கு வேண்டாம், எக்ஸலில் சூத்திரம் தயாராக இருக்கிறது. 2.7 என்று கொடுத்தால் வருவது இது: 0.5க்கு மேல் 93 சதவீதம், 1.5க்கு மேல் 75, 2.5க்கு மேல் 51, 3.5க்கு மேல் 29, 4.5க்கு மேல் 14, 5.5க்கு மேல் 6, 6.5க்கு மேல் 2.

இந்த ஏழு எண்களையும் கூட்டிப் பாருங்கள். 270 வரும். நூறால் வகுத்தால் 2.7, நாம் தொடங்கிய அதே சராசரி! தற்செயல் இல்லை. மூன்று கோல் விழும் ஆட்டத்தில் 0.5, 1.5, 2.5 என்று மூன்று வரிகள் "ஆம்" ஆகின்றன. ஐந்து விழுந்தால் ஐந்து வரிகள். விழுந்த கோல் எத்தனையோ, "ஆம்" ஆன வரிகள் அத்தனை. அதனால் எல்லா வரிகளின் விலையையும் கூட்டினால், இந்த ஆட்டத்தில் எத்தனை கோலைச் சந்தை எதிர்பார்க்கிறது என்பது ஒரே எண்ணாகக் கிடைத்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த வித்தை இது. பக்கத்துப் பக்கத்து வரிகளைக் கழித்தாலும் ஒரு செய்தி உண்டு: 75லிருந்து 51ஐக் கழித்தால் 24, அதுதான் சரியாக இரண்டு கோல் விழும் வாய்ப்பு.

இப்போது உங்கள் எண்ணையும் சந்தையின் எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். சந்தை 2.7 என்கிறது, நீங்கள் 2.9 என்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2.9க்கு "2.5க்கு மேல்" வாய்ப்பு 55 சதவீதம். அதாவது சந்தையை விட ஆட்டத்துக்கு 0.2 கோல் கூடுதலாக நீங்கள் கண்டுபிடித்திருந்தாலும், 52க்கு வாங்கும்போது உங்கள் பக்கம் நிற்பது 3 சென்ட். அதிலும் கமிஷன் போகும். புதியவர்களில் பலர் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தாலே பாதி ஆட்டங்களைத் தொடமாட்டார்கள்.

சூத்திரத்துக்குத் தெரியாதவை சில உண்டு. எளிய பாய்சான் கணக்கு 0–0, 1–1 போன்ற சின்ன ஸ்கோர்களில் தடுமாறும். 1997ல் டிக்சன், கோல்ஸ் என்ற இருவர் இதற்கென்றே ஒரு திருத்தம் கொடுத்தார்கள். ஆடும் 11 பேரின் பட்டியல் ஆட்டத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்புதான் வரும். முக்கிய ஸ்ட்ரைக்கர் வெளியே என்றால் விலை நீங்கள் கண் சிமிட்டும் முன் நகர்ந்திருக்கும்.

அணிகளுக்கு என்ன தேவை என்பதையும் பாருங்கள். 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனி–ஆஸ்திரியா ஆட்டம். ஜெர்மனி ஒன்றோ இரண்டோ கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு அணியுமே அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா வெளியேறும். சுமார் 10 நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. மீதி நேரம் முழுக்கப் பந்தைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வெட்கக்கேட்டுக்குப் பிறகுதான் குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் வந்தது. இன்றைக்கும் கடைசிச் சுற்று ஆட்டம் என்றால் புள்ளிப் பட்டியலைப் பார்க்காமல் எந்த எண்ணும் எழுதாதீர்கள்.

ஐந்தாம் படி: ஆர்டர் போடுவது

பொத்தானில் தெரியும் 52 எத்தனை பங்குக்கு? இதைக் கேட்காமல் வாங்குவதுதான் புதியவர்களின் முதல் செலவு. எந்த விலைக்கு எத்தனை பங்கு கிடைக்கும் என்று காட்டும் ஆர்டர் புக்கைத் திறந்தால் இப்படி இருக்கலாம்: 52ல் 15 பங்கு, 54ல் 40 பங்கு, 58ல் 200 பங்கு. நீங்கள் 100 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் (என்ன விலையானாலும் உடனே வாங்கு என்பது) போட்டால் 15 பங்கு 52க்கும், 40 பங்கு 54க்கும், மீதி 45 பங்கு 58க்கும் வந்து சேரும். சராசரி 55.5. மேலே பார்த்த 3 சென்ட் சாதகம் இங்கேயே கரைந்துவிட்டது.

அதனால் லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள். "51க்குக் கிடைத்தால் 20 பங்கு" என்று வைத்துவிட்டுக் காத்திருங்கள். கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஆட்டம் தொடங்கும் முன் நிறைவேறாத ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள். சில தளங்கள் தானே ரத்து செய்யும், சில செய்யாது. மறந்துபோன ஆர்டர், நிலைமை மாறி அந்த விலைக்கு ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்கிற நொடியில்தான் சரியாக நிறைவேறும்.

ஆறாம் படி: ஆட்டம் ஓடும்போது

பங்கை ஆட்டம் முடியும்வரை வைத்திருக்க வேண்டியதில்லை, நடுவில் விற்கலாம். அதனால் விலை எப்படி நகரும் என்று தெரிந்திருக்க வேண்டும். நம் 2.7 ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 15வது நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தால் "2.5க்கு மேல்" 67 அளவுக்கு ஏறும். கோலே இல்லாமல் இடைவேளை வந்தால் 19 அளவுக்கு இறங்கும். முதல் பாதியை விட இரண்டாம் பாதியில் கோல் கொஞ்சம் அதிகம் விழும் என்பதைச் சேர்த்த பிறகே இந்த 19. கவனியுங்கள், 45 நிமிடமும் மைதானத்தில் எதுவுமே நடக்கவில்லை. விலை மட்டும் ஐஸ் கட்டி மாதிரி கரைந்துகொண்டே வந்திருக்கிறது. "ஆம்" வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் செலவு. "இல்லை" வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் வரவு, ஒரே ஒரு உதையில் எல்லாம் போகும்வரை. 2022 இறுதி ஆட்டத்தில் 79வது நிமிடம் வரை அர்ஜென்டினா 2–0 என்று முன்னால். அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் பிரான்சின் எம்பாப்பே இரண்டு அடித்தார்.

கடைசி நிமிடங்களில் விலை 97, 98 என்று நிற்பதைப் பார்த்து "நிச்சயப் பணம்" என்று நினைக்க வேண்டாம். 2022 உலகக் கோப்பையில் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தின் எட்டாவது கோல் 90+13வது நிமிடத்தில், பெனால்டியில் விழுந்தது. 98க்கு வாங்கினால் ஜெயிப்பது 2 சென்ட், தோற்பது 98.

இன்னொன்று, நீங்கள் பார்ப்பது நேரலை இல்லை. மொபைலில் வரும் ஸ்ட்ரீம் மைதானத்தை விடப் பல நொடிகள் பின்னால் இருக்கும். திரையில் கார்னர் கிக் எடுக்கும்போது அங்கே கோல் விழுந்து கொண்டாட்டமும் முடிந்திருக்கலாம். விலை திடீரென்று மலிவாகத் தெரிந்தால், எதிரில் விற்பவருக்கு ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்கிறது என்று பொருள். ஆட்டம் ஓடும்போது புதிதாக வாங்காமல் இருப்பதே ஆரம்பத்தில் நல்லது. விற்பதற்கான விலையை மட்டும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: நோட்டுப் புத்தகம்

ஆட்டத்துக்கு ஒரு வரி. தேதி, எந்தக் கோல் கோடு (2.5 மாதிரி), சந்தை விலை, உங்கள் எண், என்ன நடந்தது. மதிப்பெண் போட பிரையர் என்ற வானிலை ஆய்வாளர் 1950ல் சொன்ன எளிய வழி இருக்கிறது. நடந்தால் 1, நடக்காவிட்டால் 0; அதிலிருந்து நீங்கள் எழுதிய வாய்ப்பை (70 சதவீதம் என்றால் 0.7) கழித்து வர்க்கம் எடுங்கள். 0.7 என்று எழுதி, நடந்தால் 0.09. நடக்காவிட்டால் 0.49. எல்லாவற்றுக்கும் சராசரி பாருங்கள், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஆட்டத்துக்கும் 0.5 எழுதினாலே 0.25 வரும். சந்தை விலைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். உங்களுடையது சந்தையை விடக் குறையாதவரை நிஜப் பணத்துக்கு வேலை இல்லை. குறைந்த பிறகும், போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையை மாதத்துக்கு ஒரு தடவை ஒதுக்குங்கள். அது தீர்ந்தால் அந்த மாதம் தீர்ந்தது. தோற்றதை மீட்க இரட்டிப்பாகப் போடத் தோன்றும் நாளில் செயலியையே போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் சில சமயம் வேடிக்கையாக இருக்கும். நான் 70, 75 என்று தைரியமாக எழுதிய ஆட்டங்களில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மூன்று கோல் விழுந்திருந்தது. எந்த ஆட்டங்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் நான் சின்ன வயதிலிருந்து ரசிக்கும் ஒரே அணியின் ஆட்டங்கள். இப்போதெல்லாம் அந்த அணி ஆடும் நாளில் நோட்டைத் திறப்பதில்லை. சும்மா மேட்ச் பார்க்கிறேன்.